பரந்தன் சந்தியில் மெய்யை மெய்ப்பித்தல்: ஓர் ஆய்வு

உயிரைப் பணயம் வைத்து வித்தை காட்டுவது பெரிய காரியமல்ல. அது உண்மைதான் என்று பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரை ஒப்பவைப்பதே பெருங்காரியம். ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கான ஏ35 பிரியும் இந்தச் சந்தியே நமது ஆய்வுக்களம். 2009இல் போருக்குள் அந்த ஏ35ஆல் மூட்டை முடிச்சோடு போய், மீண்டு வந்து குடியேறிய சனம் இது. ஆபத்து வந்தால் எப்படிச் சத்தம் போடும் என்று இவர்களுக்கு ஒலிபெருக்கியில் எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

களியாட்ட விழாவின் மரணக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் கிடையாக ஓடுகிறது. மேலே விளிம்பில் நிற்பவர்கள் இரு சிந்தனைப் பள்ளிகளாகப் பிரிகின்றனர். “உது பலகைக்குள்ள காந்தம்” என்பது ஒன்று. “கம்பி கட்டியிருக்கு, இருட்டுக்க தெரியேல்லை” என்பது மற்றது. இருவரையும் மறுக்க, ஓட்டுநர் இரு கையையும் விட்டுவிட்டு, பார்வையாளர் ஒருவர் நீட்டும் காசுத்தாளைப் பறித்துக்கொண்டு போகிறார். உடனே மூன்றாவது பள்ளி பிறக்கிறது: “காசு நீட்டினவரும் அவங்கட ஆள்தான்.”

விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தால் நிலைமை இன்னும் மோசம். சுவர் சில்லை உள்நோக்கித் தள்ளுகிறது, உராய்வு விழாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். கிணற்றின் விட்டம் 9 மீற்றர், உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய 27 கிலோமீற்றர் வேகம் போதும். இதை விளக்கியதும் கிடைக்கும் விடை: “எங்கட ரக்ரர் பூநகரி றோட்டில உதைவிடக் கெதியா ஓடும். உதுக்கோ ரிக்கற்?”

பொய்யின் பக்கம் பார்த்தால் கதை தலைகீழ். 1956 ஏப்ரலில் மாயவித்தைக்காரர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அவள் எழும்புமுன் நேரம் முடிந்து நிகழ்ச்சி சடக்கென்று நின்றுபோக, பெண் செத்துவிட்டாள் என்று பதறிய சனம் தொலைபேசியில் மொய்த்தது. அங்கே “இது உண்மை, இது உண்மை” என்று கத்த ஒருவருமில்லை. நம்பிக்கைக்கு அதுவே போதுமாயிருந்தது.

வாள் விழுங்குவோரையும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 2006இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று 46 பேரின் அனுபவத்தைத் திரட்டியது. அவர்களிடையே சாதாரணமாகக் கண்ட உபாதை என்ன தெரியுமா? தொண்டை நோ! பழகும் காலத்திலும், அடிக்கடி விழுங்கும்போதும் அது வருமாம். இந்தக் கட்டுரையாளரைப் பொறுத்தவரை, மேடையில் மின்னும் பத்து வாளைவிட மறுநாள் உப்புத் தண்ணியில் கொப்பளிக்கும் ஒரு வாய் கனமான சான்று.

இனி ஒரு முரண். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்குத் தூக்குக் காவடி போகிறது. அது நேர்த்தி, வித்தையல்ல. ஆகவே காவடியை நாம் ஆராயவில்லை, பார்ப்பவரை மட்டுமே. முதுகிலும் காலிலும் செடில் குத்தி, உழவு இயந்திரத்தில் கட்டிய மரத்திலே ஒருவர் குப்புறத் தொங்கிக்கொண்டு போகிறார். செடில் ஏறிய இடத்தில் தோல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. காந்தப் பள்ளியின் மூத்த அறிஞர், மடித்துக்கட்டிய சாரத்தை அவிழ்த்துக் கீழே விட்டு, பேசாமல் நிற்கிறார். தொங்குபவர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு நாகதம்பிரான் நம்பினால் போதும்; சந்தி நம்பினாலென்ன, விட்டாலென்ன?

ஆகவே மரணக் கிணற்று முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். “இது உண்மை” என்று கத்தும் அந்த ஒலிபெருக்கியை நிறுத்துங்கோ. விடிந்ததும் உங்கள் ஓட்டுநரைச் சந்திக் கடைக்கு அனுப்பி, நாரிக்குப் பூச ஒரு சித்தாலேப டப்பா வாங்கச் சொல்லுங்கோ. என்ன நடந்தது என்று கடைக்காரர் கேட்டால் மட்டும் வாய் திறக்கவேண்டாம்.