திக்லிபூர் வட்டாரத்து வழிநூலோரின் சுவை வேறுபாடுகள்: ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

ஒருவர் எழுதி முடித்துவிட்ட கதையை, அது முடியவில்லை என்று கண்ட மற்றொருவர் தம் சொந்தச் செலவில் நீட்டி எழுதுவது ஃபேன் ஃபிக்ஷன் எனப்படும். இஃது 1967-இல் அமெரிக்காவில், ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்றொரு இதழைத் தாமே அச்சிட்டுக் கொண்டுவந்தபோது பிறந்தது என்பர் ஒரு சாரார். அவர் அல்லியை அறியாதார்.

வியாசர் அர்ச்சுனனுக்குக் கட்டிவைத்த மனைவியர் போதாது என்று நம் முன்னோர் ஒருவருக்குத் தோன்றியது. அவர் அவனை மதுரைக்கு வரவழைத்து, ஆண் வாடையே ஆகாத அல்லி அரசாணியின் அந்தப்புரத்துக்குள் பாம்பு வடிவில் நுழைத்துவிட்டார். அது போதாமல் பவளக்கொடி என்று இன்னொருத்தியையும் சேர்த்தார்கள். எழுதியவர் யாரென்று தெரியாதபடி எல்லாவற்றையும் புகழேந்திப் புலவர் தலையில் கட்டினார்கள். இன்றைக்குப் புனைபெயரில் ஒளிந்து எழுதுவோர்க்கு அவர்களே முன்னோடிகள். 1934-இல் பவளக்கொடி படமாகி, எம்.கே. தியாகராஜ பாகவதர் அர்ச்சுனனாக அறிமுகமானார். அதற்கு வியாசரிடம் யாரும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை.

நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுத்தபோதே நன்னூலார் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்கிறார். மூன்றில் இரண்டு பங்கு இரவல் சரக்கு என்று ஓர் இலக்கண ஆசிரியரே ஒப்புக்கொண்ட மொழி வேறு இருந்தால் சொல்லலாம். மணிமேகலை சிலப்பதிகாரத்தின் இரண்டாம் பாகம். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியம் பிடிக்காத சமணர் ஒருவர், நீலகேசி என்பவளைக் கிளப்பிவிட்டு, குண்டலகேசியோடு நேருக்கு நேர் வாதிடவைத்து ஜெயிக்கவும் வைத்தார். இன்று நீலகேசி உரையோடு கையில் கிடைக்கிறது. குண்டலகேசியில் சில பாடல்கள்தாம் மிச்சம். (நீலகேசி ஆசிரியரை ரசிகர் என்று சொல்ல முடியாது, விரோதி. ஆனால் மூலத்தை வரி விடாமல் படித்த விரோதி. ரசிகர்களில் பலர் அவ்வளவு படிப்பதில்லை.)

இனி, களம். வட அந்தமானில் டிரங்க் ரோடு முடிகிற ஊராகிய திக்லிபூரை ஏன் எடுத்துக்கொண்டோம் எனின், அவ்வூரின் வரைபடமே ரசிகப் புனைவாக இருப்பதால் என்க. 1950-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகள் இங்கே காட்டை வெட்டி நெல் போட்டார்கள். கொல்கத்தாவில் காளிகாட் இருக்க, இங்கும் ஒரு காளிகாட். ரவீந்திரபள்ளி உண்டு, சுபாஷ்கிராம் உண்டு, குதிராம்பூர் உண்டு. கேரளத்தார் குடியேறிய இடம் கேரளாபுரம். அதே பாத்திரங்கள், அதே பெயர்கள், கதை நடக்கும் இடம் மட்டும் வேறு: எழுதுவோர் ‘மாற்று உலகம்’ என்று தனி வகையாகச் சொல்வது இதைத்தான். ராம்நகரும் சீதாநகரும் இந்த வட்டாரத்தில் உள்ளன. லட்சுமணனுக்கும் பரதனுக்கும் ஊர்கள் தள்ளி ஷஹீத் தீவில் இருக்கின்றன. ராமனும் சீதையும் அங்கேயும் ஒரு வீடு வைத்திருக்கிறார்கள்.

தலைநகரும் சளைத்ததன்று. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிக்கும் பெயர் என்பது அரசு விளக்கம். தீவுகள் சோழர் கடற்படைத் தளமாக இருந்ததும் கூடவே சொல்லப்பட்டது. ஆனால் ‘கடல் புறா’ படித்து வளர்ந்தவர்களுக்கு வேறு ஞாபகம் வந்தது. 1025-இல் ராஜேந்திரன் அடித்து நொறுக்கிய ராஜ்ஜியத்தின் பெயரும் ஸ்ரீவிஜயந்தான். நாயகன் வீட்டு வாசலில் எதிரியின் பெயர்ப்பலகை! இணையத்தில் தொடர்கதை எழுதும் தமிழ்ப் பெண்கள் இதை மோதல்–காதல் துறையில் அடக்குவர்.

ஆய்வுக்கூடம் பஜாரில் ஒரு தையல் கடை. தகவலாளர் மூவர். கடைக்கார அக்கா கல்கியின் பொன்னியின் செல்வனை வைத்து ஒரு தொடர் எழுதுகிறார். அளவு டேப்பில் சாய்த்து வைத்த போனில், ஒரு கை மிஷினில் இருக்க மறு கையின் கட்டைவிரலால் எழுதுவது அவர் முறை. இரண்டாமவர் ஏரியல் பே பக்கம் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் தம்பி. வாசகர், விமர்சகர், கதையில் படகு வந்தால் தொழில்நுட்ப ஆலோசகர். மூன்றாமவர் பக்கத்து வீட்டு வங்காளப் பெண், எல்லோருக்கும் பௌதி, அதாவது அண்ணி. 2011 கணக்குப்படி இந்த யூனியன் பிரதேசத்தில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், தமிழ் பேசுவோர் 15 பேர். கடைக்குள் விகிதம் மாறியிருந்தாலும் சண்டை பொது மொழியான அந்தமான் ஹிந்தியில்தான் நடக்கிறது. தமிழ்ப் பகுதிகளை மட்டும் இங்கே தருகிறோம்.

“கல்கிக்கு அந்தப் புள்ள மேல என்னடா கோபம்? மணிமேகலைய வளத்து ஆளாக்கி, கடைசில வந்தியத்தேவன் மடியில போட்டுச் சாகடிச்சிட்டாரு. சினிமாவுல அவள பொறக்கவே விடல.”

“அத விடுங்கக்கா. பூங்குழலி ஒத்த ஆளா கோடிக்கரையிலேர்ந்து இலங்கைக்கித் துடுப்புப் போட்டுப் போறா. எந்த மாசம், காத்து எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், ஒண்ணும் தெளிவா இல்ல. நம்ம டிங்கியில எஞ்சின் வச்சே நாக்குத் தள்ளுது.”

“அவ காதலிக்கிறாடா. காத்து தானா வரும்.”

இவ்வுரையாடலிலிருந்து இரு கோட்பாடுகள் பிறக்கின்றன.

முதலாவது, திணைக் கோட்பாடு. சுவை நிலத்தால் அமையும் என்பது இதன் துணிபு. திக்லிபூரில் நானிலமும் கூப்பிடு தூரத்தில் உள்ளன: 732 மீட்டர் சேடில் பீக் குறிஞ்சி, அதைச் சுற்றிய காடு முல்லை, கல்போங் ஆற்றுப் பக்கத்து வயல் மருதம், ஏரியல் பே நெய்தல். எனவே இங்குள்ளோர் களவு, காத்திருப்பு, ஊடல், இரங்கல் என எல்லா வகையையும் ஒரே நாளில் படிக்க வல்லவர். பாலை எங்கே எனின், அது கான்வாய். ஸ்ரீ விஜயபுரத்துக்குப் பஸ்ஸில் போக ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க ஆகும். நடுவே ஜாரவா காப்புக்காட்டை வண்டிகள் வரிசையாக, குறித்த நேரத்தில், நிற்காமல் கடக்க வேண்டும். சிக்னல் இல்லை, கள்வர் இல்லை, கழுகு இல்லை, பிரிவு உண்டு. முந்தின இரவே டவுன்லோடு செய்யாதவன் அந்தக் காட்டில் அடுத்த எபி (எபிசோடு) இல்லாமல் படும் பாட்டைச் சங்கப் புலவர் யாரும் பாடவில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபோதும், அது ஸ்ரீ விஜயபுரம், ரங்கத் என்று தொட்டதே தவிர திக்லிபூரைத் தொடவில்லை. மெதுவாகக் காதல் வளரும் கதைகளுக்கு இவ்வூரில் இருக்கும் செல்வாக்குக்கு மெதுவான நெட்டே காரணம் என்று ஒரு நிலையில் நாமும் எழுதிவைத்தோம்.

அக்கா அதைத் தள்ளிவிட்டார். அவருக்கு மெதுவான காதலே பிடிக்காதாம். முதல் எபியிலேயே கல்யாணம் முடிந்து, சண்டை அப்புறம் தொடங்க வேண்டும். அதுவும் கட்டாயக் கல்யாணமாக இருந்தால் விசேஷம். நெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே இரண்டாவது கோட்பாடு: வகைமை என்பது மனு. ஒருவர் எந்த வகைக் கதையை விரும்புகிறார் என்பது, மூல ஆசிரியர் செய்த எதை அவர் மன்னிக்கவில்லை என்பதைப் பொறுத்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் பிராதைக் கேட்டவுடன் எந்தப் படிவம் என்று சொல்லிவிடுவது போல, பிடித்த வகையைக் கேட்டால் பழைய காயத்தைச் சொல்லிவிடலாம்.

அக்காவின் தொடர் இறப்புச் சான்றை ரத்து செய்யக் கோரும் மனு. இது உலகெங்கும் எழுதப்படும் மனு. 1893-இல் கோனன் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளினார்; வாசகர் விடவில்லை; 1903-இல் தாமே எழுப்பிக் கொண்டுவந்தார். கல்கிக்கும் இது நேர்ந்தது. 1950 முதல் 1954 வரை ஓடிய தொடர் முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர் துளைத்ததில், ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டிவந்தது. அது போதாமல் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யாகத் தொடர்ந்தார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு அக்காவைத் தடுக்கச் சட்டத்திலும் இடமில்லை.

பூங்குழலியைச் சேந்தன் அமுதனிடமிருந்து பிரித்து அருள்மொழிக்குத் தரச் சொல்வோர் பட்டா மாற்றம் கேட்போர். இவர்கள் கூட்டம் பெரியது, குணமும் பொல்லாதது. அருகில் செல்லாமல் விலகிவிட்டோம். ஆதித்த கரிகாலன் கொலையை எழுதுவோர் வழக்கை மறுவிசாரணைக்கு எடுக்கச் சொல்வோர். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்களே இருக்கின்றன, உறவினர் சொத்தைப் பறித்ததும் இருக்கிறது. இருந்தும் கேஸை மூட யாருக்கும் மனமில்லை. காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ சந்தேகக் கண்ணைக் குந்தவை பக்கமே திருப்பியது.

பௌதியின் மனு வேறு. பெயர் சேர்த்தல். பதினான்கு வருஷம் தனியாகக் கிடந்த ஊர்மிளையை வால்மீகி மறந்துவிட்டார் என்பது அவர் குறை. அது தாகூர் சொன்ன குறை என்று பிற்பாடு தெரிந்தது. கவிகளால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பௌதி இதுவரை ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் ஊர்மிளை என்ன சமைத்தாள், யாருக்குப் பரிமாறினாள், யார் பரிமாறச் சொல்லவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனால் அக்கா மிஷினை நிறுத்திவிடுகிறார். சொல்வது பாதி ஊர்மிளை, மீதி அவர் மாமியார் வீடு என்பது எம் துணிபு. கேட்கத் துணிவில்லை.

மனுக் கோட்பாட்டுக்கு அடங்காத ஒருவர் உண்டெனின் அவர் புதுமைப்பித்தன். ‘சாப விமோசன’த்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன சேதி கேட்ட அகலிகை மறுபடி கல்லானாள், அவ்வளவுதான். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்கிற பொருளில் கதைக்கு முன்னால் ஒரு குறிப்பும் வைத்தார். இன்று எல்லோரும் முதல் எபிக்கு மேலே வைக்கும் ‘பிடிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க’வுக்கு அதுவே தாய்.

இனி, இந்தத் தீவுக்கே உரிய ஒரு மனு உண்டு. அதை இங்குள்ளவர் இன்னும் போடவில்லை என்பதே எமக்கு வியப்பு. 1890-இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், அந்தமான் கைதி முகாமிலிருந்து தப்பும் ஜோனதன் ஸ்மாலுடன் டோங்கா என்ற தீவுவாசி லண்டனுக்குப் போகிறான். அவன் ஊதுகுழலில் நஞ்சு முள் வைத்து ஊதுவான். அவன் இனம் மனிதரைத் தின்னும் என்று ஹோம்ஸ் ஒரு பெரிய புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். இரண்டும் பொய். அந்தமான் பழங்குடியினரிடம் வில்லும் அம்பும் உண்டு, எறியீட்டி உண்டு, ஊதுகுழல் கிடையாது. கடைசியில் தேம்ஸ் நதியில் சுட்டுத் தள்ளப்படும் அவன் நாவல் நெடுக வாய் திறந்து தன் பக்கத்தைச் சொல்வதேயில்லை. சொல்ல விட்டிருந்தால் கதை இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும் என்பது வேறு விஷயம். ஹோம்ஸைக் கேள்வி கேட்க யாருக்காவது உரிமை இருக்குமானால் அது இந்தத் தீவுகளுக்குத்தான்.

இதைத் தகவலாளரிடம் சொன்னது முறையியல்படி தவறாயிருக்கலாம். அக்கா அன்றிரவே டோங்காவைக் காப்பாற்றிவிட்டார். லண்டனிலிருந்து அவனை மீட்டு வருவது பூங்குழலி. இருவருக்கும் இடையே தொள்ளாயிரம் ஆண்டு இருக்கிறதே என்றோம். “அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் எத்தன வருஷம்னு யாராச்சும் கேட்டாங்களா?” என்றார். விடையில்லை.

படகு வந்து சேரும் இடம் ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு நடுவிலுள்ள மணல்திட்டு. அலை இறங்கும்போது இரு தீவும் மணலால் சேர்ந்திருக்கும், ஏறும்போது பிரிந்துவிடும். அக்கா எழுதியபடி நடு ராத்திரி பௌர்ணமியில் டோங்கா அந்த மணலில் கால் வைத்து இறங்குகிறான்.

தம்பி போனைக் கீழே வைத்தான். “பௌர்ணமிக்கு ஓதம் பெருசுக்கா. அந்த நேரத்துல திட்டு தண்ணிக்குள்ள இருக்கும். முழங்கால் நனையாம எப்படி இறங்குவான்?”

“அப்ப அந்தப் பாராவ நீயே எழுதுடா.”

எழுதினான். அதில் டோங்கா முழங்கால் தண்ணீரில் இறங்குகிறான், பூங்குழலி நங்கூரம் போடுகிறாள், படகில் எட்டுக் குதிரைத்திறன் எஞ்சின் இருக்கிறது. அக்கா தண்ணீரை ஏற்றுக்கொண்டு எஞ்சினை வெட்டினார். தம்பி வெட்டாததைத் தன் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். ஆகவே இன்று இந்த எபிக்கு இரு பிரதிகள் வழங்குகின்றன. கடைப் பிரதியில் ‘துடுப்பு’ என்றும் ஏரியல் பே பிரதியில் ‘எஞ்சின்’ என்றும் பாடம். பௌதி சொல்லக் கேட்டு யாரோ சேர்த்த மூன்றாவது பிரதி ஒன்றும் நடமாடுகிறது. அதில் கரையில் ஊர்மிளை சோறு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், டோங்காவுக்கு மீன் போதவில்லை என்று மறுபடி வைக்கிறாள். இது இடைச்செருகல் என்று அக்கா சாதிக்கிறார். மூன்றிலும் நல்ல பகுதி அதுதான்.