சனிக்கிழமைச் சம்பளமும் மெய்நிகர்க் கணினியும்: பனியன் கம்பெனி அலுவலக அறையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு கம்ப்யூட்டருக்குள் குடிவைத்து, மென்பொருள் எழுதிப் பார்க்க உதவும் இன்னொரு கம்ப்யூட்டர் மெய்நிகர்க் கணினி எனப்படும். இஃது எற்றுக்கோ எனின், திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை என்க. இவ்விரு செய்திகளுக்கும் உள்ள உறவைக் கணினி அறிஞர்கள் கவனிக்கத் தவறினார்கள். அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஒரே பெருங்கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தை 1960களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1972இல் விஎம்/370 என்று வெளிவந்தது. திருப்பூர் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் தைக்கத் தொடங்கியது 1970களின் கடைசியில். ஆகவே முன்னோடி என்ற பட்டம் நமக்கில்லை; தத்துவம் மட்டும் ஒன்றே. பையர் ஓகே சொல்லாமல் கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தி வைப்பதில்லை. சாம்பிள் செக்‌ஷன் தனி, டெய்லர் தனி; அங்கே கை கோணினால் போவது ஒரு பீஸ். புரோகிராமருக்கு மெய்நிகர்க் கணினியே சாம்பிள் செக்‌ஷன். “என் சிஸ்டத்துல ஓடுதுங்ணா” என்பதும் “சாம்பிள் நல்லாத்தான் இருந்துச்சு, பல்க்லதான் இப்படி ஆயிருச்சு” என்பதும் ஒரே புலம்பலின் இரு பாடபேதங்கள்.

இனிச் சனிக்கிழமை. கூலி மென்பொருள் பெரும்பாலும் பழைய விஷுவல் பேசிக்கிலோ ஃபாக்ஸ்புரோவிலோ யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனது. விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் வாய் திறக்கும். அந்த எக்ஸ்பியை மைக்ரோசாஃப்டே 2014 ஏப்ரலில் கைகழுவிவிட்டது. ஆனாலும் ஒன்றரை ஷிஃப்டு, அட்வான்ஸ் கழிவு, ஓவர்லாக்குக்கு ஒரு ரேட், ஃப்ளாட்லாக்குக்கு ஒரு ரேட் என்று எல்லா நெளிவுசுளிவும் அதற்குத்தான் தெரியும். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் புதிய கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், சதவீதத்தை அதில் ஏற்றியாக வேண்டும். ஓடும் கம்ப்யூட்டரிலேயே கை வைத்து, சனி மாலை ஆறு மணிக்கு அது மூச்சை நிறுத்திவிட்டால், வாசலில் நிற்கும் டெய்லர்களுக்குப் பதில் சொல்லும் வல்லமையை எந்தப் பொறியியல் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை. ஆகவே எக்ஸ்பியையும் கூலி மென்பொருளையும் மெய்நிகர்க் கணினியில் குடிவைத்து, திருத்தத்தை முதலில் அங்கே செய்து பார்க்கவேண்டும்.

போபெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் 1974இல் மெய்நிகராக்கத்துக்கு மூன்று இலக்கணம் வகுத்தார்கள். உள்ளே ஓடுவது, வெளியே ஓடுவது போலவே ஓடவேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடைத்தரகர் இல்லாமல் நேரே செயலியில் ஓடவேண்டும். கட்டுப்பாடு முழுதும் மேற்பார்வை மென்பொருள் கையில் இருக்கவேண்டும். நான்காவது இலக்கணம் திருப்பூர் சேர்த்தது: வெள்ளிக்கிழமைக்குள் முடியவேண்டும்.

நம் மேசைக் கணினிகளின் இன்டெல் குடும்பச் செயலி அந்த மூன்றுக்கே நெடுங்காலம் அடங்கவில்லை. 1999இல் விஎம்வேர் கட்டளைகளை ஓடும்போதே மாற்றியெழுதிச் சமாளித்தது. 2005இல்தான் இன்டெல் அதற்கென்று தனி வசதியைச் செயலியிலேயே வைத்தது. வைத்த வசதி பல கம்ப்யூட்டர்களில் அணைத்தே கிடக்கும். விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டுவிட்டு, 64 பிட் காணோமே என்று பட்டியலை மேலும் கீழும் உருட்டுவோர், கம்ப்யூட்டர் எழும்போதே எஃப்2வையோ டெலீட்டையோ தட்டி, பயாஸுக்குள் போய் அதைத் திறந்துவிட வேண்டும். எக்ஸ்பியை மட்டும் குடிவைப்போருக்கும் இன்று இந்தக் கவலை உண்டு.

அடுத்தது, வெளியே இருக்கும் வீட்டுக்காரக் கணினிக்கும் உள்ளே குடியிருக்கும் விருந்தாளிக் கணினிக்கும் ரேம் பங்கீடு. நான்கு ஜிபி உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரில், பச்சைக் கோட்டைத் தாண்டிச் சிவப்புக்குள் குமிழை இழுத்தால், பக்கத்து அறையில் மெர்ச்சண்டைசரின் எக்ஸெல் உறைந்து நிற்கும் என்று கொள்க; ஷேர் செய்த ஃபோல்டர் இதே கம்ப்யூட்டரில் இருப்பதால். ஃபேன் இரையும். கேபினெட்டைக் கழற்றினால் உள்ளே விரல் கனத்துக்குப் பஞ்சு. புளோயர் பிடித்தபின் அதே மெய்நிகர்க் கணினி வேகமாக ஓடுவதை ஆய்வுலகம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அக்கவுண்ட்ஸ் மென்பொருளின் யூஎஸ்பி பூட்டைத் தவறுதலாக உள்ளே இருக்கும் விருந்தாளிக்குக் காட்டிவிட்டால், வெளியே வீட்டுக்காரனுக்கு அது மறைந்துபோகும். இச்சோதனையை ஜிஎஸ்டி கடைசித் தேதியில் செய்தல் ஆகாது.

இங்கே முதலாளி ஒரு தடை எழுப்புவார்.

“ஏந் தம்பி, உள்ள இன்னொரு கம்ப்யூட்டர்னா கரண்ட் பில் ரெண்டாகுமா?”

“ஆகாதுங்ணா.”

“அப்ப இன்னும் நாலு போட்டு வையி.”

இத்தடைக்கு விடை கண்ட உரையாசிரியர் இலர்.

கிளவுடு மதத்தார், எல்லாவற்றையும் இணையத்தில் வாடகைக்கு எடுக்கலாமே என்பர். மாதா மாதம் டாலரில் பில் வரலாம் என்றதும் அவர்தம் கட்சி தோற்கும். டாலர் வருவது வழக்கம், போவது வழக்கமில்லை.

ஸ்னாப்ஷாட் பற்றி ஒரு சொல். திருத்தத்துக்கு முன் கணினியின் நிலையை அப்படியே உறையவைத்து, கெட்டால் திரும்பும் வழி இது. கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் யூபிஎஸ் கைவிட்டால், வட்டுக் கோப்பே பழுதாகி ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகலாம். எனவே மொத்தக் கோப்பையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, செக் புக்கோடு பீரோவில் பூட்டுவதே உள்ளூர் மரபு. ‘பழசு’, ‘புதுசு’, ‘புதுசு ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று அதில் நான்கு கோப்புகள் காணப்படும். எது ஓடுவது என்று கேட்டால், மேனேஜர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஆடிட்டர் வந்துட்டுப் போகட்டும்ங்க, பாத்துக்கலாம்” என்பார்.