ஒன்பது குழித் துரை

சமதரையில் நிற்கும்போதுகூட ஒரு முழங்காலைச் சற்றே மடித்து, மற்றதை விறைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பெரியவர் ஒருவரைக் கல்யாண மண்டபத்திலோ ரயில்வே பிளாட்பாரத்திலோ தாங்கள் காண நேர்ந்தால், பாரிச வாயுவோ என்று எண்ணி அவசரப்பட்டு அனுதாபம் கொள்ள வேண்டாம். மலைச்சரிவில் அமைந்த ஒன்பது குழி மைதானம் ஒன்றில் முப்பது வருஷம் கோல்ஃப் ஆடிய மனிதராக அவர் இருக்கலாம். பந்தும் தாமும் ஒரே மட்டத்தில் நிற்கும் பாக்கியம் அந்த முப்பது வருஷத்தில் அவருக்கு வாய்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே தரை என்பது தட்டையாகவும் இருக்கக்கூடும் என்பதை அவருடைய கால்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்குப் பழக்கமான அப்படிப்பட்ட மனிதரை நான் துரை என்றே குறிப்பிடுவேன். தேயிலைத் தோட்டங்களில் மானேஜருக்குப் பெரிய துரை என்றும், உதவி மானேஜருக்குச் சின்னத் துரை என்றும் பெயர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகும் அந்தப் பட்டம் மட்டும் கப்பலேறாமல் தங்கி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கறுத்த துரைமாரின் தலையில் அமர்ந்துகொண்டது. நம்முடைய துரை மூணாற்றுக்குச் சின்னத் துரையாக வந்து, பெரிய துரையாக ஓய்வு பெற்று, தோட்டத்துப் பங்களாவைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது கோயம்புத்தூரில் வீடு கட்டிக்கொண்டு வசிக்கிறார். வசிக்கிறார் என்பது வாக்காளர் பட்டியலுக்காகச் சொல்லும் வார்த்தை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மலைப்பாதையில் சரிந்த மண்ணை அள்ளி முடித்தார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாளே, மட்டைப் பையைக் காரில் போட்டுக்கொண்டு மூணாறு ஹைரேஞ்ச் கிளப்புக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே ஆடவர் மதுக்கூடத்துச் சுவரில், அந்த மலையில் முப்பது வருஷம் உழைத்த தோட்டத் துரைமாரின் தொப்பிகள் மாட்டியிருக்கும். தம்முடையதும் அவற்றினிடையே தொங்குவதால், தொப்பி இருக்கும் இடமே தலைக்குச் சொந்த ஊர் என்பது அவர் சித்தாந்தம்.

அந்த மைதானம் அவருக்கு ஒரு க்ஷேத்திரம். கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து மன்றோ துரை 1877-இல் குத்தகைக்குப் பெற்ற கதையில் தொடங்கி, 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் மூணாற்றுக்கு இருந்த குட்டி ரயில் அடியோடு அடித்துச் செல்லப்பட்ட கதைவரை ஸ்தலபுராணம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பந்து ஒன்று கைவிட்டுப் போகும்போதெல்லாம், "போயிற்று, ரயில் போன வழியே போயிற்று" என்று அவர் பெருமூச்சு விடுவது அந்தப் புராண ஞானத்தின் பயனே. ஒன்பது குழிகளையும் ஆடி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடியும் அவற்றையே சுற்றினால் பதினெட்டு ஆகும். நவக்கிரகங்களை ஒரே சுற்றோடு விட்டுவிடும் பக்தன் உண்டோ என்று அவர் கேட்பார். பதினெட்டுக் குழி மைதானத்தில் ஆடுகிறவன் ஒரு குழியில் செய்த பாவத்தை அன்றைக்கே அவ்விடத்துக்குத் திரும்பிப் போய்த் தீர்த்துக்கொள்ள மார்க்கமில்லை. ஒன்பது குழிக்காரனுக்கோ இரண்டு மணி நேரத்துக்குள் மறுபிறவி. காலையில் மூன்றாம் குழியில் பந்தைப் புதருக்குள் விட்ட துரை, பன்னிரண்டாம் குழி என்ற நாமதேயத்துடன் அதே குழி மறுபடி எதிரே வரும்போது, பூர்வஜன்ம ஞாபகம் முழுவதும் நெஞ்சில் நிற்க, ஞானியைப் போலக் கண்ணை மூடித் திறந்து, மட்டையை ஓங்கி, அதே புதருக்குள் பந்தை அனுப்புவார். கர்மம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வியாக்கியானம் எனக்கு எந்த மடத்திலும் கிடைத்ததில்லை.

"ஒன்பதுதானா? பாதி மைதானம் என்று சொல்லுங்கள்" என்று யாராவது அறியாமல் கூறிவிட்டால், துரை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுவார். 1744-இல் எடின்பரோவை அடுத்த லீத் ஊர்க் கனவான்கள் இந்த ஆட்டத்துக்கு 13 விதிகளை எழுதிவைத்தபோது அவர்கள் மைதானத்தில் இருந்தவை 5 குழிகளே என்றும், செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு சுற்றுக்கு 22 குழிகளாக இருந்ததை 1764-இல் அவ்வூரார் சிலவற்றை ஒன்றோடொன்று சேர்த்து 18 ஆக்கிக்கொண்டது அவர்களுடைய சொந்த சௌகரியம் என்றும், 1860-இல் பிரெஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் போட்டி நடந்த மைதானத்துக்குப் 12 குழிகள்தாம் என்றும், மஸல்பரோவின் ஒன்பது குழி மைதானத்தில் 1874-க்கும் 1889-க்கும் இடையே அதே போட்டி ஆறு தடவை நடந்தது என்றும், ஆகையால் பதினெட்டு என்பது சாஸ்திரமன்று, ஓர் ஊர் வழக்கம் என்றும் அவர் நிரூபித்து முடிப்பதற்குள், கேட்டவருடைய காபியில் ஆடை படர்ந்துவிடும். 1764-ஆம் வருஷத்துச் சங்கதியை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் மனிதருக்கு, அன்று காலை ஐந்தாம் குழியில் தமக்கு எத்தனை அடி ஆயிற்று என்பது மட்டும் நினைவுக்கு வராது.

இந்த அடிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ஆட்டக்காரன் ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைச் சேர்க்கவேண்டும் என்று ஒரு பிரமாணம் உண்டு. அதற்குப் பார் என்று பெயர். அதற்குமேல் ஓர் அடி கூடிவிட்டால் அது போகி. நமக்கெல்லாம் போகி வருஷத்துக்கு ஒரு முறை, தை பிறப்பதற்கு முதல்நாள், பழம்பாயை எரிப்பதோடு தீர்ந்துவிடுகிறது. துரைக்கோ குழிக்குக் குழி போகி. கொளுத்துவதற்குத்தான் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆயினும் தவறு தம்முடையது என்று அவர் ஒருநாளும் ஒப்பியதில்லை, ஒப்பவேண்டிய நிர்ப்பந்தமும் அவருக்கு நேர்ந்ததில்லை, ஏனெனில் அவருக்கும் பந்துக்கும் நடுவில் எப்பொழுதும் மலை இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரனுக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால் அது இடப்பக்கம் ஓடும். தாழ்ந்து கிடந்தால் வலப்பக்கம் ஓடும். ஏற்றத்தை நோக்கி அடித்தால் ஆகாயத்தில் உயர்ந்து அருகிலேயே விழும். இறக்கத்தில் அடித்தால் தாழப் பறந்து, விழுந்த பின்பும் நிற்காமல் ஓடும். இவையெல்லாம் உண்மையே, எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் காணலாம். இந்த நான்கு உண்மைகளையும் துரை எவ்வளவு ஆழ்ந்து கற்றிருக்கிறார் என்றால், அடித்த பிறகு பந்து எத்திசையில் போனாலும் அதற்குரிய உண்மை ஒன்று அவர் நாவில் தயாராக நிற்கும். அடிப்பதற்கு முன்னால் மட்டும் ஒன்றும் வராது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு வந்த பின்போ சாஸ்திரம் முற்றும் ஒரே சூத்திரத்தில் அடங்கிவிடும்: எல்லாப் பந்துகளும் முதிரப்புழை ஆற்றை நோக்கியே உருளும். கண்ணுக்கு மேடாகத் தெரியும் பக்கமாகப் பந்து ஏறிப் போனாலும், "ஆறு இழுக்கிறது ஐயா, நாம் என்ன செய்வது?" என்பார். நாலேகால் அங்குல அகலம் என்று குழிக்கு 1891-இல் அளவு வகுத்த ஸ்காட்லாந்துக்காரர்கள், பக்கத்தில் ஆறு ஓடினால் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு எழுதியிருக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம்.

ஒருமுறை உறவினர் ஒருவர் அவரைச் சமவெளி நகரம் ஒன்றிலுள்ள மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் போயிருந்தேன். பாய் விரித்தாற்போன்ற தரை, காற்றும் இல்லை, பந்து கண்ணெதிரே, காலின் மட்டத்தில், ஓடாமல் அசையாமல் காத்திருந்தது. துரை அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். குற்றம் சாட்டுவதற்கு அந்த வட்டாரத்தில் தம்மைத் தவிர வேறொருவரும் இல்லை என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கிய அந்தக் கணத்தில், அவர் முகத்தில் படர்ந்த தனிமையை நான் இதுவரை மறக்கவில்லை. நான்கு குழிகளோடு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

மட்டைப் பையைச் சுமந்து உடன் வருகிறவரைக் கேடி என்பார்கள். அந்தச் சொல்லைப் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் படத்துடன் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் சற்றுத் தூக்கிவாரிப் போடும். துரையின் கேடியோ பரம சாது. துரையின் பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர்; அவர் தாயார் அதே தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். துரை மலையேறி வரும் நாட்களில் தாமே தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து இறங்கி வந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுவார். விதி 14 மட்டைகள் வரை அனுமதித்தாலும் துரை இப்போது ஏழு மட்டைகளே வைத்திருக்கிறார். கேடியின் வயதை உத்தேசித்துச் செய்த கருணை என்பார் துரை. ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டைப் பங்களாத் தாழ்வாரத்திலேயே மறந்து வைத்து, அந்தக் கருணையைத் துரையின் உள்ளத்தில் வளர்த்தவர் கேடி.

நியாய சபை கூடும்போது இவரே சாட்சி. மிருகம் தோண்டிய குழியில் பந்து விழுந்தால் தண்டனையின்றி எடுத்து வேறிடத்தில் போடலாம் என்பது விதி. மிருகத்தின் கால் பதிந்த பள்ளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காட்டுப்பன்றியும் காட்டெருமையும் யானையும் இஷ்டம்போல் உலாவும் மலையில் இந்த வித்தியாசம் எத்தகைய ஜீவாதாரமான வித்தியாசம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பள்ளத்தருகே துரை ஊன்றுகோலைப் போல மட்டையை ஊன்றி நின்று, "இது என்ன?" என்று கேட்பார். கேடி குந்தி உட்கார்ந்து, மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்து, "பன்னிதான் தொரை. ராத்திரி தோண்டியிருக்கு" என்பார். தட்டுப்போன்ற யானைக் காலடி ஒன்றைப் பன்றி எப்படித் தோண்டியது என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். "பெரிய பன்னிங்க ஐயா" என்று பதில் வந்தது.

பந்து எதிரே போகிறவர்கள் பக்கம் திரும்பிவிட்டால் ஆட்டக்காரன் உரக்க ஒரு கூச்சல் போடவேண்டும் என்பது ஆங்கிலேய சம்பிரதாயம். அந்தச் சொல் நம் காதில் 'போர்!' என்றே விழும். துரை அதைச் சொல்லும்போது கொழுந்துக்கூடையுடன் மேட்டில் போகிற பெண்கள் சிரித்துக்கொண்டே கூடையைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுவார்கள்.

தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிஷம் அனுமதி இருந்தது. 2019 முதல் மூன்று நிமிஷமாகக் குறைத்துவிட்டார்கள். தங்களுக்கு வரவேண்டிய ரத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இதனால் போயிற்று என்று மலை அட்டைகளுக்கு மனத்தாங்கல் இருக்கலாம்.

மூடுபனி இறங்கும் நாட்களில் துரையின் ஆட்டம் அபாரமாக இருக்கும் என்று கிளப்பில் பேச்சு உண்டு. கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் அந்த அதிசயத்தை நேரில் காணும் பொருட்டு நானும் போனேன். கடைசிக் குழிக்கு வரும்போது கொடியும் மறைந்தது, மரங்களும் மறைந்தன. இருபது அடிக்கு அப்பால் உலகம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. துரை நிதானமாக மட்டையை ஓங்கி வெள்ளை இருளுக்குள் பந்தை அடித்தார். அது இடப்பக்கம் புதரை நோக்கிப் போனது போல் என் காதுக்குப் பட்டது. கேடி விறுவிறுவென்று முன்னே நடந்தார்; ஏற்றத்தில் துரைக்கு மூச்சு வாங்கியபடியால், நான் கேடியின் பின்னால் போய்விட்டேன். அவர் புதர்ப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கொடியருகே சென்று, கால்சட்டைப் பையில் கையை விட்டு எடுத்து, புல்லின்மேல் மெதுவாகக் குனிந்து நிமிர்ந்தார். நான் நிற்பதைக் கண்டதும் சற்றும் கலங்கவில்லை.

"ஆனை எறங்குற நேரம் ஐயா. வீடு போய்ச் சேரணும்ல?" என்றார்; பிறகு கையைக் குவித்து, "கெடச்சிருச்சு தொரை!" என்று பனிக்குள் குரல் கொடுத்தார்.

துரை வந்து சேர்ந்தார். குழிக்கு மூன்றடி தூரத்தில் பந்து பளபளவென்று வீற்றிருந்தது. "பார்த்தீரா? கொடி கண்ணில் படாவிட்டால் தலை நிமிராது. தலை நிமிராவிட்டால் வீச்சு பிசகாது. இதை இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன்" என்று என்னிடம் கூறி, அந்த மூன்றடியை மூன்று அடியில் முடித்து, ஆற்றைக் கடிந்துகொண்டு, குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்தார். தம் பந்துகளில் அடையாளத்துக்காகச் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். கையிலிருந்த பந்தில் புள்ளி நீலமாக இருந்தது. துரை அதைக் கைக்குட்டையால் துடைத்தார்; திருப்பிப் பார்த்தார்; மறுபடியும் துடைத்தார்.

"இந்தப் பனியில் மைகூட நிறம் மாறிவிடுகிறது" என்றார்.

"ஆமாங்க தொரை, பொல்லாத பனி" என்று சொல்லிக்கொண்டே கேடி மட்டைப் பையைத் தோளில் ஏற்றினார்.

துரை பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு காலை மடித்து ஒரு காலை விறைத்து, சரிவில் இறங்கத் தொடங்கினார்.