கழுவிய கிண்ணத்தைக் கழுவுதல்: குவாங்சோ நகர வழக்கு ஒன்றைப் பற்றிய ஆய்வு

தென் சீனத்து குவாங்சோ நகரில் காலைத் தேநீருக்கு உட்காருகிறவர்கள், ஆவி பறக்கும் இறால் கொழுக்கட்டைக்குக் கை நீட்டுமுன் ஒரு காரியம் செய்வார்கள். குவளையைக் கிண்ணத்துக்குள் படுக்கவைத்து, முதல் தேநீரை அதன்மேல் ஊற்றி உருட்டி, குச்சிகளின் நுனியையும் கரண்டியையும் அதிலேயே அலசி, மேஜை நடுவில் இருக்கும் பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். கான்டனீஸ் மொழியில் இதற்கு ‘லோங் வுன்’ என்று பெயர். கிண்ணம் அலசல் என்று கொள்ளலாம். சுத்தத்துக்காகச் செய்கிறோம் என்பது அலசுகிறவர்களின் வாக்குமூலம். வாக்குமூலத்தை அப்படியே நம்புவது ஆய்வாளனுக்கு அழகல்ல. இது கழுவலே அல்ல, உபசாரம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதல் சான்று, பிளாஸ்டிக் உறை. இப்போது பல உணவகங்களில் கிண்ணம், தட்டு, குவளை எல்லாம் கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் உறையிட்டு வருகின்றன. அதற்கென்று தனியாகக் காசு வாங்கும் கடைகளும் உண்டு. வாடிக்கையாளர் குச்சியால் உறையை ‘டப்’பென்று குத்திக் கிழிப்பார், காசு கொடுத்து வாங்கிய சுத்தத்தை அடுத்த நொடியே தேநீர் ஊற்றி அலசுவார். இரண்டாவது, அலசும் முறை. கிருமி சாகக் கொதிநீரில் நிமிடக்கணக்கில் முழுகிக் கிடக்க வேண்டும். இங்கே நடப்பதோ சில நொடிக் குளியல். அதுவும் ஒரு கிண்ணத்தில் அலசிய தேநீரே அடுத்த கிண்ணத்துக்குப் போவதுண்டு. கடைசியில் இருப்பவருக்கு மற்றவர்களின் அழுக்கெல்லாம் சேர்ந்து கிடைக்கிறது, அழுக்கு என்று ஒன்று இருந்திருந்தால். மூன்றாவது, அந்தப் பெரிய பாத்திரம். அதைக் கொண்டுவந்து வைப்பது உணவகமே. ‘உங்கள் பாத்திரம் அழுக்கு’ என்று வாடிக்கையாளர் அறிவிக்க, முதலாளியே மேடை போட்டுக் கொடுப்பாரா? பழிச்சொல் அல்ல என்று இரு தரப்புக்கும் தெரியும்.

அற்றேல், தண்ணீர் வசதி குறைந்த பழைய கடைகளில் இது தேவையாக இருந்திருக்குமே எனின், இருந்திருக்கலாம். பிறந்த காரணமும் பிழைத்திருக்கும் காரணமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற விதி இல்லை. சாப்பாடு வரும்வரை பொழுதுபோக்கு எனின், அற்றன்று. பொழுதுபோக்கக் கைப்பேசி வந்த பிறகும் அலசல் ஓயவில்லை. தவிர, பொழுதுபோக்குக்கு அலசுபவன் தன் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வான். இங்கே இளையவர் பெரியவர்களின் கிண்ணத்தையும் சேர்த்து இழுத்து அலசுகிறார். உபசாரமென்றால் வாய்விட்டுச் சொல்லலாமே எனின், இந்த மேஜையில் மரியாதை கை வழியாகவே நடக்கிறது. தேநீர் ஊற்றினால் நன்றிக்கு இரண்டு விரலால் மேஜையைத் தட்டுவார்கள். மாறுவேடத்தில் போன சியென்லோங் பேரரசர் ஊற்றிய தேநீருக்கு, காலில் விழ முடியாத சேவகர் விரலை மடித்து வணங்கினார் என்று அதற்கொரு கதையும் உண்டு (கதைதான், ஆய்வு இதை நம்பி நிற்கவில்லை). இத்தனைக்கும் பிறகு சுத்தமே காரணம் என்று சாதிப்போருக்குக் கடைசிச் சான்று ஒன்று. பதார்த்தச் சீட்டில் டிக் அடிக்க மேஜைக்கு மேஜை கைமாறும் பென்சில் அங்கேதான் கிடக்கிறது. அதை அலசுவார் யாருமில்லை.