கலைக்களஞ்சியத்துக்கு இடைவேளை உண்டா?

கே: 'சைக்கோ' படம் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் கொலையாளி யார் என்பதையே போட்டு உடைத்துவிட்டார்களே! அதைத் திருத்தி எழுதும் தன்னார்வலர்களுக்கு இரக்கமே கிடையாதா?

ப: கலைக்களஞ்சியத்தில் 'இடைவேளை' கார்டு போட முடியுமா? 1960-ல் 'சைக்கோ' வெளியானபோது அதன் இயக்குநர் ஹிட்ச்காக், படம் தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்றார். விக்கிப்பீடியாவிலோ கதவு எந்நேரமும் திறந்திருக்கிறது. வருகிறவர் முழுக் கதையையும் தெரிந்துகொள்ளத்தான் வருகிறார். ஆங்கிலப் பதிப்பில் கதைச்சுருக்கத்துக்கு 400 முதல் 700 சொற்கள்தான் அளவு. அதில் ஒரு சொல்லை மாற்றப் பேச்சுப் பக்கத்தில் பத்தி பத்தியாக வாதாடுகிறார்கள், பைசா வாங்காமல். குளியலறைக் காட்சியில் ஓடியது ரத்தமல்ல, சாக்லேட் சிரப் என்று எழுதினால், அதற்கும் சான்று கேட்பார்கள். அந்தப் பிடிவாதத்தைக் கும்பிடுகிறேன்.

நீங்கள் இன்னும் படம் பார்க்கவில்லையா? முதலில் அதைப் பாருங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.