தலைக்கவசம் அணிந்து நூலகம் செல்வோம்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு கைக்கு வந்துவிட்டால், தமிழாசிரியர் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. "கடைக்குப் போய்த் தக்காளி வாங்கிட்டு வாங்க" என்று மனைவி சொன்னால், முன்னுரையே இல்லாமல் நேரே பொருளுரைக்கு வந்துவிட்டாளே என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த முறை பத்தாம் வகுப்புக்கு 'நூலகத்தின் பயன்கள்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். மாணவன் ஒருவன் மனப்பாடம் செய்து வந்ததோ சாலைப் பாதுகாப்பு. படித்தது வீணாகலாமா? "நூலகத்துக்குச் செல்லும் வழியில் சாலை உண்டு" என்று ஒரே வரியில் பாலம் கட்டிவிட்டான். அப்புறம் இடப்பக்கம் செல்லுதல், சிவப்பு விளக்கில் நிற்றல், குடிபோதையில் வண்டி ஓட்டாமை எல்லாம் உட்தலைப்போடு வரிசையாக வந்தன. "எனவே தலைக்கவசம் அணிந்து நல்ல நூல்களைப் படிப்போம், உயிர் காப்போம்" என்று முடித்திருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இதையெல்லாம் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார். நன்னூல் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். இந்தப் பையன் செய்தது மற்றொன்று விரித்தல். முன்னுரையில் "நூலகத்தின் பயன்களைக் காண்போம்", முடிவுரையில் "நூலகத்தின் பயன்களைக் கண்டோம்" என்று எழுதிவிட்டு, நடுவில் எதையுமே காட்டாதவர்கள் செய்தது கூறியது கூறல். முதல் பக்கத்தில் ஆர்ப்பாட்டமாகப் புறப்பட்டு, கடைசிப் பக்கத்தில் எழுதியவருக்கே விளங்காமல் முடிந்தால் சென்று தேய்ந்து இறுதல். முனிவரும் எங்கோ விடைத்தாள் திருத்தியிருக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாமல் பத்து வரை எண்ண முடியாது.

மேற்கோள் தனிக்கதை. வள்ளுவர் 1330 குறள் எழுதி வைத்தும் தேர்வறையில் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. அதனால் பிள்ளைகளே ஒரு வாக்கியம் தயாரித்து, கொஞ்சம் பழசாகத் தெரிந்தால் வள்ளுவர் தலையிலும், புதுசாகத் தெரிந்தால் அப்துல் கலாம் தலையிலும் கட்டிவிடுகிறார்கள்.

வகுப்பில் நான் சொல்வது இதுதான். கேள்வியைப் பார்த்ததும் பேனாவை ஓட்டாதே. ஐந்து நிமிடம் யோசி. நோட்ஸில் இல்லாத எது உனக்கு இதைப் பற்றித் தெரியும்? அதைக் கடைசித் தாளில் நாலு சொல்லில் குறித்துக்கொள். எது முன்னால், எது பின்னால் என்று எண் போடு. அதுதான் உன் சட்டகம். முன்னுரைக்கு ஐந்து வரி இடம் விட்டுவிட்டுப் பொருளுரையை முதலில் எழுது. முன்னுரையில் ஆரம்பித்தால் ஆதிமனிதன் காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்து புறப்பட்டு, நூலக வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றரைப் பக்கம் தீர்ந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடம் திருத்துவதற்கு. எங்கள் பிள்ளைகள் அந்த நேரத்தில் தலைப்புக்கு அடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுவார்கள், ஓரத்தில் மார்ஜின் இழுப்பார்கள், நூல் கோத்து முடிச்சுப் போடுவார்கள். எழுதியதைப் படிப்பது மட்டும் கிடையாது. உதடு அசையப் படித்துப் பார், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்கு, எடுத்தாலும் குறையாத வரியை அடி என்றால், "அடிச்சா அசிங்கமா இருக்குமே ஐயா" என்கிறார்கள்.

அந்தக் கட்டில் ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் ஊர் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒரு தாத்தா செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். நாங்கள் புத்தகத்தைச் சத்தம் வராமல் புரட்டுவோம். அமைதியாகப் படிக்கும் பழக்கம் அவரால்தான் வந்தது." நூலகத்தின் பயனை இதைவிட யார் சொல்வது! உட்தலைப்பு இல்லாததால் ஒரு மதிப்பெண் குறைத்தேன். விதி விதிதானே. ஆனால் வகுப்பில் அதை உரக்கப் படித்துக் காட்டி, "இப்படிக் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்" என்றேன்.

அரையாண்டுத் தேர்வில் 'மழைநீர் சேகரிப்பு' வந்தது. முக்கால்வாசிப் பேர் கட்டுரையில் தொட்டி ஓரமாக ஒரு தாத்தா தூங்கினார். சாலைப் பாதுகாப்புப் பையன் அவருக்குத் தலைக்கவசமும் மாட்டியிருந்தான்.

அந்த மாணவி தாளில் தாத்தா இல்லை. ஓட்டுக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு அவள் அம்மா குடம் வைக்கிறாள். முதல் குடத்தில் கூரை அழுக்கு வருமென்று அதைத் துணி அலச ஒதுக்கிவிட்டு, இரண்டாம் குடத்தைத்தான் சமையலுக்கு எடுக்கிறாள். உட்தலைப்பும் இருந்தது. 'முதல் குடம்', 'இரண்டாம் குடம்'.