டுரியான் கணக்கு

ஜனவரி முதல் தேதி, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் எங்கள் வீட்டு பட்ஜெட் தாக்கலானது. நிதியமைச்சர் மனைவி, எதிர்க்கட்சி நான். கோழி வாரம் ஒரு முறை, கடை லக்சாவுக்குத் தடை, மலைச்சாலை ஏறி ஜார்ஜ் டவுன் போவது மாதம் ஒரே தடவை.

ஊழியர் சேமநிதியில் கை வைப்பதில்லை என்றும் தீர்மானம். 2024 மே முதல் அங்கே மூன்று கணக்குகள்: மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால‌த்துக்கு, 15 நல்வாழ்வுக்கு, 10 'நெகிழ்வுக் கணக்கு'க்கு. அதில் 50 ரிங்கிட் சேர்ந்தாலே எடுக்கலாம். நெகிழ்வது கணக்கா, நாமா என்பதுதான் கேள்வி.

ஜூன் வந்தது. மலையில் டுரியான் விழுந்தது. கூடவே தீர்மானமும் விழுந்தது. "வருஷத்துல ஒரு தடவைதானேங்க, இதைப் போய் செலவுன்னு எழுதுவாங்களா?" என்று நிதியமைச்சரே முதல் பழத்தைப் பிளந்தார். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்யவில்லை. இன்னொரு சுளை கேட்டது. சூடு தணிய, தோட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தோம். அந்த மாதத்தின் ஒரே இலவசம் அதுதான்.

ஜூலையில் கோழி மாதம் ஒரு முறை ஆனது.

பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்பக்கம் என்று பொருள். எங்கள் கணக்குப் புத்தகத்திலும் உண்மையெல்லாம் பின்பக்கத்தில்தான்.